ஈயம் தேய்ந்த பாத்திரமும் ஒரு ஸ்பூன் தேனும்

வயிற்றுப் புண் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். செங்கல்பட்டுப் பக்கம் எந்தத் தெருவிலும் வைத்தியம் இலவசமாகக் கிடைக்கும். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப் பால், செவ்வாய்க்கிழமை தோறும் அகத்திக்கீரை, கடைசியில் தவறாமல் ஒரு ஸ்பூன் தேன், அதுவும் வெறும் வயிற்றில். கீரையை விடுவோம். தேன் ஒரு பூச்சி தன் வயிற்றில் சுமந்து வந்து கக்கியது. அதைப் பூச்சி மருந்து என்று யாரும் நினைப்பதில்லை. திருக்கழுக்குன்றத்து நாட்டுமருந்துக் கடையில் கொம்பரக்கு கேட்டால் கருஞ்சிவப்பாக ஒரு கைப்பிடி பொட்டலம் கட்டித் தருவார்கள். அதுவும் பூச்சி கசியவிட்டதுதான். சீனாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன், சாப்பிட்ட கையோடு படிப்பவர்கள் இருக்கக்கூடும்.

இவையெல்லாம் புண்ணை ஆற்றுமா? பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் புண் எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும். அதற்குப் பாட்டி வீட்டுப் பித்தளைப் பாத்திரம் போதும்.

பித்தளைப் பாத்திரத்தில் புளிக் குழம்பு வைக்க வேண்டுமென்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். பூசாத பாத்திரத்தில் புளி கொதித்தால் செம்பு கரைந்து பச்சையாகக் களிம்பு ஏறும். அந்தக் குழம்பைத் தின்றவர்களுக்கு வாந்திதான். ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வரும் நாளில் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு மறக்காது. பாத்திரத்தை மண்ணும் புளியும் போட்டுத் தேய்த்து, துருத்தி ஊதிய கரி நெருப்பில் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார். காய்ந்ததும் ஒரு சிட்டிகை நவச்சாரப் பொடி. குபீரென்று வெள்ளைப் புகை கிளம்பும், மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடியோடு. உடனே வெள்ளீயக் கம்பியின் நுனியைச் சூடான உலோகத்தில் ஒரு தேய்ப்பு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகுகிற பொருள். தொட்ட இடத்தில் பாதரசமாக ஓடும். பஞ்சுச் சுருளால் அதைச் சுற்றிலும் இழுத்துவிட்டு, தண்ணீரில் முக்கினால் முடிந்தது வேலை. மஞ்சள் பாத்திரம் உள்ளே வெள்ளியாகிவிடும். மயிர்க்கனம்கூட இல்லாத அந்தப் பூச்சு இருக்கும்வரை எவ்வளவு புளி ஊற்றினாலும் பாத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஓரிடத்தில் தேய்ந்தாலோ, அங்கே மட்டும் புளி பிடித்துத் தின்ன ஆரம்பிக்கும்.

இரைப்பை அப்படிப்பட்ட பாத்திரம். உள்ளே இருக்கும் புளி ஹைட்ரோகுளோரிக் அமிலம். கூடவே இறைச்சியைக் கரைக்கும் பெப்சின் என்ற நொதி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் இரைப்பை நீர் சுரக்கிறது. ஆட்டுக்கறியைக் கூழாக்குகிற இந்த நீர், தன்னைச் சுற்றியிருக்கும் சதையை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? உள்சுவரெங்கும் வழுவழுப்பான சளிப் படலம் ஒன்று பூசியிருப்பதால். மில்லிமீட்டரில் சிறு பங்குதான் அதன் கனம். அதற்குள் பைகார்பனேட் என்ற காரம் ஊறிக்கொண்டே இருக்கிறது. இரைப்பையின் நடுவில் பி.எச். அளவு 2 என்றால், படலத்தின் அடியில் செல்களை ஒட்டி அது 7. பி.எச். கணக்கில் ஒரு படி என்றால் பத்து மடங்கு. ஐந்து படி இறங்கினால் ஒரு லட்சம் மடங்கு. அத்தனை வித்தியாசத்தையும் இந்த மெல்லிய பூச்சு தாங்கி நிற்கிறது.

பித்தளைப் பாத்திரத்தைவிட இரைப்பைக்கு ஒரு பெரிய வசதி. ஈயம் பூசுகிறவர் வீட்டோடு இருக்கிறார். மேற்பரப்புச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. சளியைச் சுரக்கச் சொல்வதும், காரத்தை அனுப்பச் சொல்வதும், அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப் பொருளின் வேலை. அது ஒழுங்காக நடக்கும்வரை எத்தனை மிளகாய் தின்றாலும் ஓட்டை விழாது. மிளகாய்க் காரம் புண்ணை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் புண்ணைத் தொட்டு எரியவைக்கும், அவ்வளவுதான். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள்.

அப்படியானால் பூச்சைத் தேய்ப்பது யார்? முக்கியமாக இரண்டு பேர்.

ஒன்று, வலி மாத்திரை. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் வலியைக் குறைப்பது புராஸ்டாகிளாண்டினைத் தடுத்துத்தான். முட்டியில் இருப்பது வேறு, வயிற்றில் இருப்பது வேறு என்று மாத்திரைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. முட்டி வலி நிற்கும், ஈயம் பூசுகிறவரும் வேலையை நிறுத்துவார். மாமல்லபுரத்தில் நாள் முழுக்க உளியும் சுத்தியும் பிடிக்கிற கைக்கும், கோவளம், சதுரங்கப்பட்டினம் கரைகளில் வலை இழுக்கிற தோளுக்கும் வலி சொந்தக்காரன் மாதிரி. கடையில் பெயர் சொல்லாமல் ‘உடம்பு வலிக்கு ரெண்டு’ என்று கேட்டு வாங்கி, டீயோடு விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. எரிச்சல் வந்ததும் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பு. (பாராசிட்டமால் இந்த வகையில் சேராது.)

இரண்டாவது ஆள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அமிலக் கடலில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் 1980கள் வரை பாடப்புத்தகம் சொல்லியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் இருவரும் 1982இல் இதை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. கிருமி பிழைக்கும் வழி சுவாரசியமானது. யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்துத் தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கிக்கொள்கிறது. ஈயம் பூசும்போது நவச்சாரத்திலிருந்து வருகிற அதே அம்மோனியாதான். அங்கே நவச்சாரம் பூச்சு ஒட்டுவதற்கு உதவுகிறது, இங்கே அம்மோனியா பூச்சுக்கு அடியில் புகுந்துகொள்ளக் கிருமிக்கு உதவுகிறது. அடியில் போய்க் குடியேறியபின் ஆண்டுக்கணக்கில் சுவரை அரிக்கும். உலகில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் இது இருக்கிறது. அவர்களில் சிறு பங்கினருக்கே புண் வருகிறது.

நம்மூரில் புண் வரும் இடம் பெரும்பாலும் இரைப்பையைத் தாண்டியதும் வருகிற முன்சிறுகுடல். ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா 1960களிலேயே வடக்கை விடத் தெற்கில் இது மிக அதிகம் என்று ரயில்வே ஊழியர்களை வைத்து எழுதினார். மைசூரில் அறுவை மருத்துவராக இருந்த ஃபிராங்க் டோவி, கோதுமை தின்னும் வடக்குக்கும் அரிசி தின்னும் தெற்குக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை விடாமல் துருவினார். தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள சில கொழுப்புப் பொருள்கள் வயிற்றைக் காக்கின்றன, தீட்டிய அரிசியில் அவை போய்விடுகின்றன என்பது அவர் பிடித்த நூல். கிருமியையும் மாத்திரையையும் போல அது முடிந்த வழக்கல்ல. ஆனாலும் உணவில் ஏதோ ஒன்று பூச்சுக்குப் பலம் சேர்க்கலாம் என்ற எண்ணம் வெறும் பாட்டி வைத்தியம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது தேனை ஊற்றுவோம்.

செங்கல்பட்டு மாவட்டத்துப் புதர்க்காடுகளில் தேன் எடுப்பவர்கள் இருளர்கள். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தால் ஊருக்கெல்லாம் தெரிந்த அதே மக்கள். தேனில் அவர்களுக்கு வகை உண்டு. முள்செடிக் கிளையில் ஒற்றை அடையாகத் தொங்குவது கொம்புத்தேன். மரப்பொந்திலும் புற்றிலும் பல அடுக்காக இருப்பது பொந்துத்தேன். கொம்புத்தேன் அடையைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதன் கணக்கு புரியும்: கிளையைச் சுற்றிக்கொண்டிருக்கும் தடித்த மேல்பகுதியில்தான் தேன், கீழே தட்டையாக நீளும் பகுதி முழுக்கப் புழுவும் முட்டையும். புகை காட்டி ஈக்களை விலக்கி, மேல்பகுதியை மட்டும் கிளையோடு நறுக்கினால் ஒரு கிண்ணம் தேறும், பல நேரம் அதுவும் இல்லை.

கொசுத்தேன் தனிக் கதை. கொட்டத் தெரியாத, கொசு அளவே உள்ள ஈ. பழைய சுவரின் விரிசலிலோ மரத் துளையிலோ இருக்கும். வெளியே தெரிவது பிசினால் செய்த சிறு குழாய் வாசல் மட்டுமே. உடைத்துப் பார்த்தால் அறுகோண அறைகள் இருக்காது, மெழுகும் பிசினும் கலந்த பழுப்பு நிறக் குமிழ்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். சுண்டைக்காய் அளவுகூட இராத ஒவ்வொன்றிலும் சில சொட்டுத் தேன், புளிப்பும் கசப்புமாக. மற்றத் தேன்களைவிடத் தண்ணீர் அதிகம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020இல், கொட்டாத ஈக்களின் தேனில் டிரெஹாலுலோஸ் என்ற அபூர்வச் சர்க்கரை நிறைய இருப்பதைக் கண்டார்கள். வைத்தியத்துக்கென்றால் கொசுத்தேன்தான் என்று பெரியவர்கள் அடம் பிடிப்பார்கள். விலையும் அதற்கேற்ப.

பூவில் உறிஞ்சிய தேன்நீரில் பெரும்பங்கு தண்ணீர். தேனீ அதை வயிற்றில் சுமந்துவந்து, வாய்க்கு வாய் மாற்றி, இறக்கையால் விசிறி, தண்ணீரை 20 சதவீதத்துக்குப் பக்கமாக இறக்கிவிடுகிறது. மீதி பெரும்பாலும் ஃபிரக்டோஸ், குளுக்கோஸ். அவ்வளவு கெட்டியான சர்க்கரையில் கிருமி விழுந்தால், அதன் உடம்புத் தண்ணீரையே தேன் உறிஞ்சிக் கொன்றுவிடும். இரண்டாவது ஆயுதம் தேனீயின் தலைச் சுரப்பியிலிருந்து வருகிற குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. கெட்டித் தேனில் தூங்கிக்கொண்டிருக்கும் இது, தண்ணீர் பட்டதும் விழித்து, சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக உண்டாக்கும். ஆஸ்பத்திரியில் புண் கழுவ நுரைக்க ஊற்றுவார்களே, அதுவேதான்.

இதனால்தான் தீக்காயத்துக்கும் வெட்டுக்காயத்துக்கும் தேன் நல்ல மருந்து. நவீன மருத்துவமும் இதை ஓரளவு ஒத்துக்கொள்கிறது. 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சாராயத்தால் வயிற்றைப் புண்ணாக்குமுன் தேன் கொடுத்த எலிகளுக்குச் சேதம் குறைந்தது. 1994இல் நியூசிலாந்தில் மனுக்கா தேனின் 5 சதவீதக் கரைசலே ஹெலிகோபாக்டரை வளரவிடாமல் தடுத்தது. அத்தனையும் தேன் பக்கம் பேசுகிற சாட்சிகள்.

பிறகு 1999இல் இங்கிலாந்து மருத்துவர்கள் அந்த மனுக்கா தேனை ஹெலிகோபாக்டர் உள்ள மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள், ஒரு நாளைக்கு நாலு வேளை, இரண்டு வாரம். சிறிய சோதனைதான். ஒருவர் வயிற்றிலிருந்தும் கிருமி போகவில்லை.

ஏன்? பாத்திரத்தைப் பாருங்கள். கண்ணாடித் தட்டில் கிருமியும் தேனும் நாள் கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கின்றன. தோல்மேல் உள்ள புண்ணில் தேனைத் தடவிக் கட்டுப் போட்டால் மறுநாள் வரை அங்கேயே இருக்கும். வயிறோ ஓயாமல் கிளறிக்கொண்டிருக்கிற பாத்திரம். திரவமாக உள்ளே போவதில் பாதி, அரை மணி நேரத்துக்குள் குடலுக்கு இறங்கிவிடும். ஒரு ஸ்பூன் தேன் விழுந்ததுமே அமிலத்தில் நீர்த்துப்போகிறது. சர்க்கரைக் கெட்டித்தனம் போயிற்று. பெராக்சைடு செய்கிற நொதிக்கு அவ்வளவு அமிலம் ஆகாது. கொஞ்சநஞ்சம் உண்டான பெராக்சைடையும் நம் திசுக்களிலுள்ள கேட்டலேஸ் உடைத்துவிடும். கிருமி இருப்பதோ பூச்சுக்கு அடியில். தேன் பூச்சின் மேலே கொஞ்ச நேரம் வழிந்து ஓடுகிறது. எரிச்சல் தணிகிறது, தொண்டையும் மேல்வயிறும் இதமாக இருக்கிறது, அந்த இதம் பொய்யல்ல. ஆனால் தேய்ந்த இடத்தில் ஈயம் ஏறவில்லை.

ஆக, பூச்சி மருந்துகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ‘கிருமியைக் கொல்லுமா’ என்பதல்ல. ‘அந்த ஓட்டையின்மேல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும்’ என்பதே. சுடுதண்ணீரில் தேன் கலக்கலாமா கூடாதா என்று நடக்கிற பட்டிமன்றமும் இந்த இடத்தில் அர்த்தமிழந்து போகிறது. சூடு நொதியைக் கெடுக்கும் என்பது உண்மை. கெடுக்காவிட்டாலும் உள்ளே அது செய்யப்போகிற வேலை அதிகமில்லை.

ஒட்டிக்கொண்டு உட்கார்கிற மருந்து ஒன்று உண்டு, அதுவும் சர்க்கரையிலிருந்து பிறந்ததுதான். சுக்ரால்ஃபேட். சாதாரணச் சர்க்கரை மூலக்கூறில் சல்ஃபேட்டும் அலுமினியமும் கோத்தது. அமிலம் பட்டதும் பசையாகி, புண்ணின் அடித்தளத்தில் வெளியே தெரிகிற புரதத்தைப் பற்றிக்கொள்ளும். நல்ல சுவரைவிடப் புண் உள்ள இடத்தில்தான் அது அதிகம் ஒட்டும்; ஐந்தாறு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். தற்காலிக ஈயப் பூச்சு என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

கொம்பரக்கு இதற்கு நேர் எதிர். புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் சுள்ளியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் அரக்குப் பூச்சி, தன்னைச் சுற்றிக் கசியவிடும் பிசின் அது. சித்த மருத்துவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்துகளில் இதற்கு இடமுண்டு. வேதியியல் என்ன சொல்கிறதென்றால், அரக்குப் பிசின் அமிலத்தில் கரையாது, காரம் கூடினால்தான் இளகும். அதாவது இரைப்பையில் பெரும்பாலும் அப்படியே கிடந்து, குடலுக்குப் போனபின் கரையும். இதே குணத்தை மாத்திரை செய்பவர்கள் எப்போதோ பிடித்துக்கொண்டார்கள். சுத்திகரித்த அரக்கான ஷெல்லாக்கை மாத்திரைமேல் பூசினால், உள்ளிருக்கும் மருந்து இரைப்பையைத் தாண்டும் வரை பத்திரமாக இருக்கும். இன்று புண்ணுக்கு முதல் மருந்தாகிய ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் எல்லாம் அமிலத்தில் சிதைகிறவை. அவற்றுக்கும் இப்படி ஒரு மேல்பூச்சு இல்லாமல் முடியாது. இப்போது பெரும்பாலும் செயற்கைப் பிசின் பூசுகிறார்கள், வேலை அதேதான். குடலில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, அமிலம் சுரக்கும் செல்லின் பம்பையே இவை அடைக்கின்றன. பாத்திரத்தில் புளி குறைகிறது. ஈயம் பூசுகிறவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. முன்சிறுகுடல் புண் ஏறக்குறைய நாலு வாரத்தில், இரைப்பைப் புண் எட்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். கிருமி இருந்தால் கூடவே 14 நாள் ஆன்டிபயாட்டிக்.

சீனக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் சமையலறையில் கண்டதும் செருப்பைத் தேடுகிற கரப்பான்பூச்சியை, அதே அமெரிக்கக் கரப்பான் இனத்தை, ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு அங்கே ‘காங்ஃபூஷின்’ என்ற பெயரில் வயிற்றுப் புண்ணுக்கு அனுமதி பெற்ற மருந்து. ஒரு வேளைக்கு 10 மில்லி, தினம் மூன்று வேளை. சிச்சுவான் மாகாணத்து ஷீசாங் நகரில் ஆண்டுக்கு 600 கோடிக் கரப்பான்கள் வளர்க்கும் பண்ணை இருப்பதாக 2018இல் செய்தி வந்தது. ஒமிப்ரசோல் வகை மாத்திரையோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறுகிறது என்று அங்கே பல ஆய்வுகள் சொல்கின்றன. செல் வளர்ச்சியைத் தூண்டுகிறதாம், அதாவது ஈயம் பூசுகிறவருக்குக் கூலி ஏற்றுகிறது. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் தரம் குறைந்தவை. கரப்பான்மேல் எனக்குள்ள பழைய பகையை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

நம்மிடம் அப்படிப்பட்ட முயற்சிகூட என் கண்ணில் படவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அதே மாவட்டத்துக் காட்டில் தேனெடுப்பவர்கள் இருக்கிறார்கள். வடநெம்மேலியில் இருளர்கள் எடுக்கும் பாம்பு விஷம் உலரவைக்கப்பட்டு, மில்லிகிராம் சுத்தமாக அளக்கப்பட்டு, முறிமருந்துக் கம்பெனிக்குப் போகிறது. அதே கைகள் எடுக்கும் தேன் பழைய குவார்ட்டர் பாட்டிலில், துணியில் வடிகட்டியபடி சாலையோரம் நிற்கிறது. எந்தப் பூ, எந்த மாதம், எவ்வளவு தண்ணீர் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. வேம்பு பூக்கும் பருவத்துத் தேனும் புங்கம்பூத் தேனும் ஒன்றல்ல. அளக்காத பொருளை மருந்து என்று சொல்லி மருத்துவர் கையில் கொடுக்க முடியாது.

கடைத் தேனுக்கும் உத்தரவாதம் குறைவு. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்தபோது பெரும்பாலானவற்றில் சர்க்கரைப் பாகு இருந்தது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தாளில் சொட்டுவது, எறும்பு வருகிறதா என்று காத்திருப்பது எதுவும் அந்தப் பாகைக் காட்டிக்கொடுக்காது.

தேன் பிடித்தால் சாப்பிடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு அது சர்க்கரைதான். மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனாலோ, வாந்தி காப்பித் தூள் கலந்தது போலிருந்தாலோ, திடீரென்று வயிறு பலகையாக விறைத்து வலித்தாலோ, தேனும் வேண்டாம், கொம்பரக்கும் வேண்டாம். அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரி. அப்படி இல்லாமல் மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தால், கிருமி இருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அதற்கு 2 வாரம் முன்பே ஒமிப்ரசோல் வகையையும், 4 வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. அன்று காலை வெறும் வயிற்றோடு போக வேண்டும். வழக்கமான அந்த ஒரு ஸ்பூனும் ஊதி முடித்த பிறகுதான்.